மலைப்பாதையும் மாணாக்கர் வண்டிச்சத்தமும்

நமது சங்கத்தின் கல்வி நிதியினின்று உதவி வேண்டி இவ்வாண்டு வந்த விண்ணப்பங்களைப் பார்வையிடும் பொறுப்பு எம்மிடம் ஒப்புவிக்கப்பட்டிருந்தது. அவற்றுள் ஏற்காட்டினின்றும், சேர்வராயன் மலையின் சிற்றூர்களினின்றும் வந்தவை சில. புத்தகத்திற்கென்றும், பள்ளிச் சம்பளத்திற்கென்றும் பொருள் வேண்டுதல் நம்மவர் வழக்கம். மலைமேலுள்ளார் விண்ணப்பங்களிலோ "வண்டிச்சத்தம்" என்னும் ஒரு சொல்லே திரும்பத் திரும்ப வந்தது. சர்க்கார் பஸ்ஸிற் பள்ளிப் பிள்ளைகட்குக் கட்டணமே இல்லையே, பின்னர் வண்டிச்சத்தம் எற்றுக்கு என்று நிர்வாக சபையில் ஓர் அன்பர் வினவினார். அவ்வினா நியாயமானதே. அதற்கு விடை தேடப் புகுந்த யாம், பள்ளிப் பிள்ளைகளின் பிரயாணச் சலுகை பிறந்து வளர்ந்த வரலாற்றையே ஒருவாறு ஆராய நேர்ந்தது. அதன் பயனை ஈண்டு எழுதலானோம்.

ஏற்காட்டை அறியாத சேலத்தார் இலர். எனினும் அதனை உல்லாசப் பிரயாணத்தின் கண்கொண்டு அறிந்தவரே பலர். சேலம் நகரினின்று ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், கடல்மட்டத்திற்குமேல் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் அவ்வூர் அமைந்துள்ளது. வழியிற் கொண்டையூசி வளைவுகள் 20. கிழக்கே குப்பனூர் வழியாக ஏறும் வேறொரு பாதையும் உண்டு. 1820 முதலாகச் சேலத்திற் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை இம்மலையிற் காபிச் செடியைக் கொணர்ந்து வைத்தனர். அதன்பின் தோட்டங்கள் பெருகின. தோட்டங்கட்காகப் பாதைகள் பிறந்தன. அப்பாதைகள் காபி மூட்டை செல்லும் வழியைப் பின்பற்றினவேயன்றி, மலைக்குடிகளின் குழந்தைகள் செல்லும் வழியைப் பின்பற்றியனவல்ல. அக்காலத்துக் குழந்தைகட்குச் செல்லுதற்குப் பள்ளிதான் ஏது?

மலைக்குடிகள் என்றோம். இங்குள்ள பூர்வ குடிகளுக்கு மலையாளிகள் என்பது பெயர். கேரளத்து மலையாளிகளோடு இவர்களை இணைத்துக் குழம்புதல் கூடாது. தம் முன்னோர் காஞ்சிபுரத்தினின்று போந்த உடன்பிறந்தார் என்றும், அவர்கள் பல மலைகளிற் பிரிந்து குடியேறினர் என்றும் இவர்கள் வழிவழியாகக் கதை கூறுவர், பேசுவது தமிழே. அரசாங்கப் பட்டியலில் இவர்கள் பழங்குடியினராவர். நாகலூர், மாரமங்கலம், செம்மநத்தம், வாழவந்தி, கொட்டச்சேடு முதலிய ஊர்ப்பக்கங்களில் இவர்தம் குடியிருப்புக்கள் சிதறிக் கிடக்கின்றன. நம் சங்கத்துக் குடும்பங்களோ கடை வைத்தும், கணக்கெழுதியும், தோட்டத்திற் கூலி செய்தும் பிழைக்கப் பின்னர் மலையேறியவை. ஆதலின் அம்மலையில் நாம் விருந்தினர் என்பதை மறத்தல் ஆகாது. 1917இல் நிறுவப்பட்ட மான்ட்போர்டுப் பள்ளியும், கன்னியர் நடத்தும் பள்ளியும் ஏற்காட்டின் பெயரைத் தொலைதேயங்கட்கும் கொண்டு சென்றன. பிற ஜில்லாக்களிலிருந்து பிள்ளைகள் மலையேறி வந்து விடுதியில் தங்கிப் பயில்வர். அதே மலையிற் பிறந்த பிள்ளை உயர்நிலைப் பள்ளிக்கு நாடோறும் எங்ஙனம் செல்வது என்பதே இங்கு எம் கேள்வி.

பிரயாணச் சலுகையின் வரலாற்றைக் கட்டணத்தினின்று தொடங்குவார் பலர். யாம் அதற்கும் முன்னே, பாதையினின்று தொடங்குகின்றோம். நம் நாட்டிற் பொதுப்பாதையில் நடத்தலே சிலருக்கு மறுக்கப்பட்டிருந்த காலம் ஒன்றிருந்தது. 1924இல் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசனார் கொணர்ந்த தீர்மானத்தின் பேரில், பொதுத்தெருவிலும் பொதுவழியிலும் ஒடுக்கப்பட்ட வகுப்பார் நடத்தற்கு யாதொரு தடையுமில்லை என்று அரசாங்கம் ஆணை பிறப்பித்தது. ஒரு மனிதன் தெருவில் நடக்கலாம் என்பதற்கும் சர்க்கார் உத்தரவு வேண்டியிருந்த நாள் அது. இதனைச் சொல்ல நமக்கு நாணமாயிருப்பினும், சொல்லாது விடுதல் தகாது.

பாதை திறந்தபின் வண்டி வந்தது. மோட்டார் பஸ் புதிதாய் ஓடத் தொடங்கிய அக்காலத்தில், ஆதிதிராவிடரை ஏற்றுவதில்லை என்பதனை முதலாளிகள் சிலர் வெளிப்படையாகவே விளம்பியிருந்தனர். இராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராயிருந்த ஊ.பு.அ. சௌந்தரபாண்டியனார், அங்ஙனம் ஏற்ற மறுக்கும் பஸ்ஸின் உரிமம் இழக்கப்படும் என்று உத்தரவிட்டார். நாடார் குலத்திற் றோன்றிய அப்பெருமகனார் தம் ஜில்லாவிற் செய்த செயல் ஏனைய ஜில்லாக்களிலும் எடுத்துப் பேசப்பட்டது. ஒரு சாதிச் சங்கத்தின் தலைவராயும் விளங்கிய ஒருவர், தம் அதிகாரத்தைப் பிறர் பிள்ளைக்கு இருக்கை வாங்கித் தரச் செலவிட்டனர் என்பதை நம் சங்கத்து இளைஞர் சிறிது சிந்தித்தல் நலம்.

வண்டியில் இடங்கிடைத்தபின் எழுவது கட்டணக் கேள்வி. 1939இல் இயற்றப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், பஸ் கட்டணத்தை வரையறுக்கும் அதிகாரத்தை மாகாண அரசாங்கத்திற்கு அளித்தது. முதலாளி கேட்டதே கூலி என்னும் நிலை அதனாற் குன்றிற்று. எனினும், கட்டணத்தை வரையறுத்தல் ஒன்று. ஒரு சாராரிடம் குறைத்து வாங்குதல் வேறொன்று. தனி முதலாளியிடம் குறைத்து வாங்கு என்று கட்டளையிடின், குறைந்த பங்கை யார் ஈடுசெய்வது என்னும் வழக்கு உடனே எழும். இவ்வழக்கே பள்ளிச் சலுகையின் உயிர்நாடி. இதற்கு ஒரு நல்ல உதாரணம் நம் அண்டை நாடாகிய கேரளத்தில் உளது.

குட்டநாட்டிற் பாதையென்பது நீரே. ஆண்டுப் பிள்ளைகள் படகேறியே பள்ளிக்குச் செல்வர். தனியார் படகுகளில் மாணாக்கர்க்கு ஓரணாச் சலுகை நடந்துவந்தது. 1957இல் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் அமைந்த மந்திரிசபை அப்படகுப் போக்குவரத்தை அரசுடைமையாக்கியது. அப்பொழுதுதான் நாணயமும் தசாம்ச முறைக்கு மாறியிருந்தது. ஓரணா ஆறு நயா பைசாவாகும். மாணாக்கர் கட்டணம் பத்து நயா பைசா என விதிக்கப்பட்டதும், 1958இல் ஆலப்புழைப் பக்கத்து மாணாக்கர் கிளர்ந்தெழுந்தனர். ஓரணாப் போராட்டம் என்று அதற்குப் பெயர். பலர் சிறை புகுந்தனர். இறுதியில் ஓரணாவே நிலைத்தது. நான்கு பைசாவிற்கு இத்துணை ஆரவாரமா என்பார்க்கு யாம் கூறுவது: படகன்றி வேறு வழியில்லாத பிள்ளைக்கு நான்கு பைசா என்பது கட்டணமன்று, பள்ளியின் வாயிற்கதவு. நீர்நாட்டார்க்குப் படகு எவ்வாறோ, மலைநாட்டார்க்கு பஸ் அவ்வாறு.

தமிழ்நாட்டிற் பஸ் போக்குவரத்தைப் பெரும்பாலும் அரசாங்கமே ஏற்று நடத்தும் முறை 1970க்குப் பின் வலுப்பெற்றது. 1972இல் சென்னையிற் பல்லவன் போக்குவரத்துக் கழகமும், 1973இல் சேலத்தில் அண்ணா போக்குவரத்துக் கழகமும் தோன்றின. ஏற்காட்டு மலைப்பாதையில் ஏறி இறங்கிய பஸ்களின் பக்கத்தில் அண்ணாவின் பெயரைக் கண்டு வளர்ந்தவர் நம்முட் பலர். 1997இல் அப்பெயர் மறைந்தது. மறைந்த காரணத்தையும் சொல்லிவிடுகின்றோம். தென்பாண்டிச் சீமையிற் புதிய கழகம் ஒன்றிற்கு வீரன் சுந்தரலிங்கம் என்று பெயரிட்டதன்மேல் சாதிக் கலகம் மூண்டு, பஸ்கள் கல்லெறியுண்டன, உயிர்களும் மாய்ந்தன. முடிவில் எல்லாக் கழகங்களினின்றும் தலைவர் பெயர்களை அரசாங்கம் நீக்கிவிட்டது. பஸ்ஸின் பக்கத்தில் எவர் பெயர் எழுதுவது என்பதற்கு நம் நாட்டுச் சாதியார் செலவிட்ட ஆவேசத்தில் நூற்றிலொரு பங்கு, அந்த பஸ் எத்தனை மணிக்கு வரும் என்பதற்குச் செலவிடப்பட்டதில்லை. நிற்க.

கழகங்கள் அரசாங்கத்தினுடையவாகவே, மேற்கூறிய வழக்கிற்கு ஒரு தீர்வு எளிதாயிற்று. பிள்ளையிடம் வாங்காத பணத்தை அரசாங்கம் தன் பொக்கிஷத்தினின்று கழகத்திற்கு ஈடுசெய்யும். அரசினர் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயிலும் பிள்ளைகட்கு வீட்டினின்று பள்ளிக்கும், பள்ளியினின்று வீட்டிற்கும் கட்டணமின்றிச் செல்ல அட்டை வழங்கும் முறை இவ்வாறு ஏற்பட்டது. ஜூன் மாதத்திற் பள்ளி திறந்து, புதிய அட்டை கைக்கு வருமளவும் சீருடையே அட்டையாகக் கொள்ளப்படும் என்று ஆண்டுதோறும் அறிவிப்பும் வரும். 2018 ஜனவரியிற் கட்டணம் ஒரே நாளில் ஏறியபோது ஊர்தோறும் மாணாக்கர் தெருவில் இறங்கினர். பன்னாளில் அரசாங்கம் சிறிது குறைத்தது. அக்காலத்தும் பள்ளி அட்டை கைவைக்கப்படாது நின்றது. 2025-26ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் மாணாக்கர் பஸ் சலுகைக்கென 1,782 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. இது சிறுதொகையன்று. இந்தியாவின் பல மாகாணங்களில் இல்லாத பெருங்கொடை இது என்பதிற் சந்தேகமில்லை. குறை கூறப் புகுமுன் இந்நன்றியை எழுதிவைத்தல் எம் கடன்.

இனிக் குறையைக் கூறுவோம். அட்டை என்பது கட்டணத்தை நீக்கும், வண்டியைக் கொணராது. சமவெளியில் ஒரு பஸ் தவறினால் அரைமணியில் வேறொன்று வரும். அங்கே வண்டி முன்னமே ஓடிக்கொண்டிருக்கின்றது. அதில் ஒரு பிள்ளை கட்டணமின்றி ஏறுவதனாற் கழகத்திற்கு மிகுசெலவு ஏதுமில்லை; அரசாங்கம் தரும் ஈடோ வருமானம். மலையில் நிலைமை தலைகீழ். ஒரு சிற்றூரின் இருபது பிள்ளைகட்காக ஒரு வண்டியை வளைவுகளில் ஏற்றி இறக்குதல் பெருஞ்செலவு. இதனினும் நுட்பமான ஒரு கேடுண்டு. பஸ் செல்லாத ஊரில் அட்டை வாங்குவாரில்லை. அட்டை வாங்குவாரில்லாத ஊரில், கணக்கேட்டின்படி, பிரயாணம் வேண்டுவோரே இல்லை. தேவை இல்லையெனக் காட்டும் அக்கணக்கே பஸ் விடாமைக்குச் சான்றாகி நிற்கும். பள்ளியை விட்ட பிள்ளையின் பெயர் எந்தப் பஸ் கணக்கிலும் ஏறுவதில்லை.

பிறநாட்டார் இதனை எங்ஙனம் கையாண்டனர் என்று வினவுவார்க்கு இங்கிலாந்தின் வரலாறு பெரிதும் பயன்படும். அவர்கள் கட்டணத்தினின்று தொடங்காது, தொலைவினின்று தொடங்கினர். 1870ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே, மூன்று மைலுக்குட் பள்ளி இல்லையாயின் பிள்ளையை அனுப்பாத பெற்றோர்மேற் குற்றமில்லை என்றனர். இஃது அந்நாளிற் பெற்றோர்க்குத் தந்த விலக்கு. 1944ஆம் ஆண்டின் கல்விச் சட்டமோ இவ்விலக்கையே உரிமையாகத் திருப்பியது. எட்டு வயது நிரம்பாத பிள்ளைக்கு இரண்டு மைலும், அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு மூன்று மைலும் நடைத்தொலைவென வகுத்தனர். அதற்கப்பாற் பள்ளியிருப்பின் வண்டி ஏற்பாடு செய்வது உள்ளூர்க் கல்வி மன்றத்தின் கடமை. செய்யாவிடின் பெற்றோரைத் தண்டித்தற்கு வழியில்லை. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பு என்று அதட்டும் கையே வண்டியையும் அனுப்பியாக வேண்டும் என்பது இதன் பொருள்.

அச்சட்டத்தை ஆக்கியவர் ஆர்.ஏ. பட்லர். 1902இல் நம் நாட்டுப் பஞ்சாபத்து அட்டாக்கிற் பிறந்தவர். 1935ஆம் ஆண்டு இந்திய அரசாங்கச் சட்டத்தைப் பொதுமக்கள் சபையில் நடத்திச் சென்றவர்களுள் ஒருவர். நம் பாட்டன்மார் பத்திரிகைகளில் அவர் பெயரை வாசித்திருப்பர். முப்பத்தாறு ஆண்டு கழிந்து, 1980இல், தாச்சர் அம்மையாரின் அரசாங்கம் சிக்கனத்தை நாடிப் பள்ளி வண்டிக்குக் கட்டணம் வாங்க மன்றங்கட்கு அதிகாரம் தரும் ஒரு பிரிவை மசோதாவிற் சேர்த்தது. அதுவோ பட்லரின் சொந்தக் கட்சி. முதுமையிலிருந்த அவர் அவ்வாண்டு மார்ச்சு மாதத்திற் பிரபுக்கள் சபையில் எழுந்து, தாம் இயற்றிய சட்டத்தின் பயனை இப்பிரிவு கெடுக்கும் என்று எதிர்த்தார். நாட்டுப்புறத்தார் சார்பிலும், சமயப் பள்ளிகளின் சார்பிலும் நார்போக்குப் பிரபு முதலானோர் உடன் நின்றனர். அரசாங்கம் தோற்றது, அப்பிரிவு கைவிடப்பட்டது. தன் கட்சி ஆளும்போது தன் கட்சியை எதிர்த்து ஒரு கிழவர் பேசினார், எதன்பொருட்டு? நாட்டுப்புறத்துப் பிள்ளையின் பஸ்ஸின்பொருட்டு. இச்செய்தியை வாசித்தபோது யாம் நெடுநேரம் புத்தகத்தை மூடாதிருந்தோம்.

ஆயினும் அம்முறையிலும் ஓட்டை உண்டு. தொலைவை எவ்வழியால் அளப்பது? 1986இல் எஸ்ஸெக்ஸ் நாட்டைப் பற்றிய வழக்கு ஒன்று பிரபுக்கள் சபைவரை சென்றது. மூன்று மைலுக்குச் சிறிது குறைந்த, விளக்கில்லாத ஒரு தனிவழி அதில் ஆராயப்பட்டது. துணையோடு சென்றால் ஒரு பிள்ளை அபாயமின்றி நடக்கத்தக்க வழியாயின், அதுவே அளவு என்று தீர்ப்பாயிற்று. துணைக்கு யார் செல்வது, அவர் கூலியை யார் தருவது என்பவை பெற்றோர் தலையில் விடப்பட்டன. அன்றியும், உரியவர் ஏறியபின் பள்ளி வண்டியில் எஞ்சும் இருக்கைகளை, விதிப்படி உரிமையில்லாத பிள்ளைகட்குக் கட்டணம் பெற்று வழங்கும் வழக்கமும் ஆங்குண்டு. அவ்விருக்கை உரிமையன்று, மிச்சமே. உரியவன் ஒருவன் புதிதாய் வரின் எழுந்துவிட வேண்டும். எப்படியாயினும், அவர்கள் முதலில் இருக்கையைக் கொடுத்துவிட்டுக் கட்டணத்தைப் பற்றி வாதிட்டனர். நாமோ கட்டணத்தை விட்டுவிட்டு இருக்கையைப் பற்றி வாய் திறவாதிருக்கின்றோம்.

தொலைவின் கணக்கு நம் நாட்டுச் சட்டத்திலும் இல்லாமலில்லை. 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் மாதிரி விதிகளில், ஐந்தாம் வகுப்பு வரை ஒரு கிலோமீட்டருக்குள்ளும், எட்டாம் வகுப்பு வரை மூன்று கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி அமைதல் வேண்டும் எனப்பட்டது. கடினமான நிலப்பகுதியிலும், மண்சரிவும் வெள்ளமும் உள்ள இடங்களிலும் இத்தொலைவை இன்னும் குறைத்தல் வேண்டும் என்றும், பள்ளி அமைக்க இயலாத சிறுகுடியிருப்புக்கட்கு இலவச வண்டியோ விடுதியோ ஏற்பாடு செய்தல் வேண்டும் என்றும் அவ்விதிகளே கூறுகின்றன. இதனை வரைந்தோர் மலையைக் கண்ணாற் கண்டவரே என்பது எம் துணிபு. இதன்வழிச் சில குடியிருப்புக்களின் பிள்ளைகட்கு வண்டியும் வழித்துணையும் அளிக்கும் ஏற்பாடு நம் மாகாணத்திலும் உளது. பழங்குடியினர்க்கென உண்டு உறைவிடப் பள்ளிகளும் உள. ஆனால் அச்சட்டத்தின் உரிமை பதினான்கு வயதோடும் எட்டாம் வகுப்போடும் நின்றுவிடுகின்றது. மலையில் நெடுந்தொலைவு தொடங்குவதோ ஒன்பதாம் வகுப்பில். சிற்றூரில் ஆரம்பப் பள்ளி உண்டு. நடுநிலைப் பள்ளி அடுத்த ஊரில். மேனிலைப் பள்ளி மலைமுடியிலோ அடிவாரத்திலோ. உரிமை முடியுமிடத்தில் வழி நீளுகின்றது.

சென்ற மழைக்காலத்தில் நிர்வாக சபையாரிருவருடன் யாமும் மலையேறி, விண்ணப்பித்திருந்த குடும்பங்கள் சிலவற்றைக் கண்டோம். பதினொன்றாம் வகுப்பிற் பயிலும் ஒரு பெண், தன் அட்டையை நெகிழித் தாளிற் பொதிந்து பத்திரமாய் வைத்திருந்தாள். அதில் நம் பணம் எதற்கு என்று கேட்டோம். காலை வரும் பஸ் முதல் மணிக்குப் பின்னரே பள்ளிவாயிலை அடைகின்றது. மாலையில் தனி வகுப்பு முடியுமுன் கடைசி பஸ் போய்விடுகின்றது. ஆகவே இருவேளையும் பலர் கூடிக் கூலி பகிரும் ஜீப்பே கதி. மாதக் கூலிக்குத் தந்தையின் பல நாட் சம்பளம் போகின்றது. அவளுடைய தங்கை எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டாள். இருவர்க்கும் கூலி கொடுக்க முடியாது என்று தாய் எம்மிடம் மெல்லச் சொன்னாள். அப்பொழுது அத்தங்கை எமக்குத் தேநீர் கொணர்ந்து வைத்தாள். எங்கள் சபையில் வினவிய அன்பரும் உடனிருந்தார். திரும்பும் வழியில் அவர் பேசவில்லை.

அந்த ஜீப்புக்களிற் பிள்ளைகளை அடைக்கும் விதத்தை யாம் விரிக்கப் புகவில்லை. 2012இல் தாம்பரத்துப் பக்கம் ஒரு பள்ளி வண்டியின் தளத்திலிருந்த ஓட்டை வழியே ஒரு சிறுமி வீழ்ந்து மாண்டபின், உயர் நீதிமன்றம் தானே முன்வந்து விசாரிக்க, பள்ளி வண்டிகட்கெனத் தனி விதிகள் அவ்வாண்டே வகுக்கப்பட்டன. நல்ல விதிகள். ஆனால் அவை பள்ளி வண்டியென்று பெயர்பெற்றதற்கே பொருந்தும். கூலி ஜீப்பு அப்பெயருக்குள் அடங்குவதில்லை.

பெண்டிர்க்குக் கட்டணமில்லாப் பிரயாணம் 2021 மே மாதத்தில் வந்தது. நகரத்துச் சாதாரண பஸ்களுக்கே முதலில் அது பொருந்திற்று. மலைப்பாதை பஸ்கள் அவ்வகையிற் சேர்வனவல்ல. அவற்றிற்குக் கட்டணமும் கூடுதல். 2024 பிப்ரவரியில் வந்த வரவு செலவுத் திட்டத்தில் நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை போன்ற மலைப்பகுதிகட்கும் அதனை விரித்தனர். சமவெளிக்கு வந்த நன்மை மலையேற ஏறத்தாழ மூன்றாண்டு சென்றது. திட்டமியற்றுவார் எவரும் மலைமேல் விரோதமுடையாரல்லர்; பஸ்ஸின் பலகை நிறத்தைக் கொண்டு சலுகையை வகுக்கும்போது, அந்நிறப் பலகை ஏறாத ஊர் ஒன்றுண்டு என்பது நினைவிற்கு வாராது போகின்றது. மிதிவண்டியின் கதையும் இதுவே. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகட்கு அரசாங்கம் வழங்கும் மிதிவண்டி சமவெளியிற் பெரும்பேறு. ஏற்காட்டு மேட்டில் அது இறங்குதற்கு அபாயம், ஏறுதற்குச் சுமை.

மேலும் ஒன்று. 2024 டிசம்பர் முதல் வாரத்திற் பெஞ்சல் புயலின் மழையால் ஏற்காட்டுப் பாதையில் மண் சரிந்து, பெருவழி அடைபட்டது. வண்டிகள் குப்பனூர் வழியே திருப்பப்பட்டன. அத்தகைய நாட்களில் அட்டை வெறுந்தாளே. இதற்கு நேர்மாறான காட்சியை மே மாதத்திற் காணலாம். கோடை விழாவிற்குச் சேலத்தினின்று தனி பஸ்கள் பல மலையேறும். பிரயாணிகள் மகிழ்தல் வேண்டியதே. மலையிற் கடை வைத்த நம்மவர்க்கும் அதனாற் பிழைப்புண்டு. ஆனால் அது பள்ளி விடுமுறை மாதம். வேண்டும்போது மலைக்குத் தனி பஸ் விட வண்டியும் உண்டு, ஓட்டுநரும் உண்டு, மனமும் உண்டு என்பதற்கு அதுவே சான்று. ஜூன் மாதம் பிறந்ததும் அவ்வண்டிகளுள் இரண்டேனும் மலையிற் றங்கி, காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை ஆறு மணிக்குப் பின்னும் சிற்றூர்களைச் சுற்றி வருதல் இயலாத காரியமன்று. இலங்கையில் 2005 முதல் "சிசு செரிய" என்னும் பெயரால், பள்ளி நேரத்திற்கே ஓடும் குறைந்த கட்டண பஸ்களை அரசாங்கம் பொருளுதவி செய்து நடத்தி வருகின்றது. அங்கே அரசாங்கம் அட்டைக்கு மாத்திரமன்றி ஓட்டத்திற்கே பணம் தருகின்றது. வண்டி வந்தாற்றான் பணம். இம்முறையை நம் கழகத்தார் ஆராய்தல் தகும்.

இவற்றையெல்லாம் சபையில் எடுத்துரைத்தபோது, நம் குலத்துப் பிள்ளைகள் மலையில் எத்துணையர், அவர்க்கு மாத்திரம் ஜீப்புக் கூலியை நிதியினின்று கொடுத்துவிட்டாற் போதாதா என்று ஓர் ஆலோசனை வந்தது. இவ்வாண்டு அதனைக் கொடுப்பதென்றே தீர்மானித்தோம். தேர்வு ஆண்டிற் பிள்ளைகளைக் காக்கவைத்தல் நியாயமன்று. ஆனால் அதனோடு நிற்பதற்கு யாம் உடன்படவில்லை. அந்த ஜீப்பில் நம் பெண் ஏறும்போது அருகில் நிற்கும் மலையாளிப் பெண் நடந்து போவாளாயின், நாளை அவளும் நின்றுவிட, ஜீப்பில் ஏறுவார் தொகை குறைந்து, கூலி இன்னும் உயரும்; இது தருமக் கணக்கன்று, வெறுங்கணக்கே. பஸ்ஸோ அப்படியன்று. ஏறுவார் மிகுமளவும் அது நிலைக்கும். ஆகவே விண்ணப்பம் செய்யின் மலையிலுள்ளார் அனைவர்க்கும் சேர்த்தே செய்தல் வேண்டும். மலையாளி சங்கத்தாரும், தோட்டத் தொழிலாளரும் உடன் கையொப்பமிட இசைந்துள்ளனர்.

ஜில்லா கலெக்டர்க்கும் போக்குவரத்துக் கழகத்தார்க்கும் அனுப்பவிருக்கும் அவ்விண்ணப்பத்திற்குப் புலம்பல் வேண்டா, கணக்கு வேண்டும். மேலே கூறியபடி, பஸ் ஏறாத பிள்ளை எவர் கணக்கிலும் இல்லை. அக்கணக்கை நாமே எழுதியாக வேண்டும். ஆதலின் மலையிலுள்ள நம் அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் ஊரைப் பற்றி எமக்கு ஒரு கடிதம் எழுதுமாறு வேண்டுகின்றோம். ஊரின் பெயர், அருகிலுள்ள மேனிலைப் பள்ளி, பிள்ளை நடக்கும் வழியின் தொலைவு, பள்ளி தொடங்கும் நேரம், விடும் நேரம், பஸ் வரும் நேரம், போகும் நேரம், சென்ற ஆண்டிற் பாதை அடைபட்ட நாட்கள், எட்டாம் வகுப்பிற்குப் பின் நின்றுவிட்ட பிள்ளைகளின் தொகை ஆகிய இவை போதும். பிள்ளைகளின் பெயரையும் சாதியையும் எழுத வேண்டா. பஸ் நேரத்தைப் பலகையிற் கண்டபடி எழுதாது, ஒரு வாரம் கடிகாரத்தைப் பார்த்து எழுதுக. வரும் மாதம் பதினைந்தாம் தேதிக்குள் கிடைக்குமாறு சங்க விலாசத்திற்கு அனுப்பலாம். உறையின் மேல் "மலை பஸ்" என்று குறித்துவிடின், எம் குமாஸ்தா அதனைத் தனியே எடுத்து வைப்பார்.